விருதுக்கு ஒரு மொட்டைக் கடிதம்

பெம்பான்
10 மார்ச் 2024

அன்புத் தங்கை மோகனாவுக்கு,

அண்ணன் சேகரன் எழுதுவது. நான் சுகம். முழங்கால் மட்டும் சுகமில்லை, அது பழைய கதை. உனக்கு இனிப்பு நீர் இப்போது எப்படி இருக்கிறது? மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அகல்யா நலமா?

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். இனி முடியாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். வாட்ஸ்அப் புலனத்தில் எழுதினால் உன் வீட்டுக்காரர் படிப்பார், பிறகு அவருடைய கட்சிக் கிளையே படிக்கும். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ அழுவாய். ஆகவே நீ வேலை செய்யும் பாலர்பள்ளி முகவரிக்கு அனுப்புகிறேன். பதிலையும் கடிதமாகவே எழுது.

நேற்று பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். என்னிடம் படித்த புவனேஷ் கைப்பேசியை மூக்குக்கு நேரே நீட்டினான். "சார், உங்க மச்சான் பேசுறாரு பாருங்க. கிழிச்சிட்டாரு லா!" மெர்லிமாவ் மண்டபத்தில் கூட்டம். மேடையில் உன் வீட்டுக்காரர், நம் ராமையா மாப்பிள்ளை. கழுத்தில் மாலை, கையில் மைக். நம் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் திருச்செல்வத்துக்கு டென்மார்க்கில் அந்தப் பெரிய விருதை அறிவித்திருக்கிறார்களே, அதைப் பற்றித்தான் பேச்சு.

"அடையாள அட்டை இல்லாத பிள்ளைங்களுக்கு இவரு ஐசி வாங்கிக் குடுத்தாராம்! அதுக்கு வெள்ளக்காரன் விருது குடுக்குறானாம்! எங்க, ஒரே ஒரு பிள்ளைய காட்டச் சொல்லுங்க பார்ப்போம். காட்டிட்டா இந்த மேடையிலயே என் மீசைய எடுத்துர்றேன்!"

ஒரே கைதட்டல்.

மோகனா, அந்த ஒரே ஒரு பிள்ளைதான் அவர் போட்டிருந்த சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்திருக்கும்.

உங்கள் இருவருக்கும் மறந்திருந்தால் நினைவூட்டுகிறேன். வாத்தியார் வேலை பார்த்தவனுக்கு அது ஒன்றுதான் தெரியும். தோட்டத்தில் வேலை செய்த இந்தோனேசியப் பெண் பிரசவம் முடிந்ததும் பிள்ளையை லயத்து வீட்டிலேயே விட்டுவிட்டு எங்கோ போய்விட்டாள். நீங்கள் பல வருடம் பிள்ளையில்லாமல் இருந்தீர்கள். பிள்ளையை மாரியம்மன் கோயில் படியில் கிடத்தி, பூசாரியிடம் ஒரு பிடி தவிட்டைக் கொடுத்து வாங்கிக்கொண்டீர்கள். அம்மனே கொடுத்துவிட்டாள், பதிவிலாகா எதற்கு என்றார் மாப்பிள்ளை. ஆறாம் ஆண்டில் எல்லாப் பிள்ளைகளையும் ஐசி எடுக்க அழைத்தபோதுதான் அம்மன் ரசீது தரவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்தது.

அப்போது திருச்செல்வம் சட்டமன்ற உறுப்பினர். அவருடைய சேவை மையத்துக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனவன் நான். அந்த மனிதர் மூன்று வருடம் புத்ராஜெயாவிலுள்ள தலைமை அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். அகல்யாவின் கையில் குடிமக்களுக்கான நீல ஐசி வந்த அன்று அவர் ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நீ கெஞ்சினாய். சரி என்றார். இன்றுவரை சொல்லவில்லை.

இப்போது விருதைத் தரக்கூடாது என்று கையெழுத்து வாங்கி டென்மார்க்குக்கு அனுப்பப் போகிறார்களாம். எனக்குத் திருச்செல்வத்தைப் பிடிக்காது. அது பெம்பானில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பிடிக்காதது வேறு, பொய் வேறு. மாப்பிள்ளை பேசியது தவறு என்று நீயாவது அவரிடம் சொன்னாயா? பதில் எழுது.

அண்ணன்
சேகரன்

*

குருபோங்
2.4.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

மோகனா எழுதிக்கொள்வது. நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம். உங்க முழங்காலுக்கு ஜாசின் ஆஸ்பத்திரியில பிசியோ இருக்காம், போய்ப் பாருங்க. தனி ஆளா இருக்கீங்க, கடைச் சோறே சாப்பிடாதீங்க.

உங்க கடுதாசி கெடச்சிச்சி. "யாரு அக்கா இந்தக் காலத்துல கடுதாசி போடுறது, பழைய காதலனா?"ன்னு டீச்சர் சாந்தி கேட்டு ஒரே சிரிப்பு. எங்க அண்ணன்னு சொன்னேன், நம்பல.

நல்ல சேதி ஒண்ணு. அகல்யாவுக்கு எடம் அமைஞ்சிருக்கு. பையன் பேரு நிவேந்திரன். ஆயர் குரோ பக்கம் பேக்டரியில இஞ்சினியர். நம்ம பிள்ளைய பார்த்த ஒடனே புடிச்சிப்போச்சி. மே மாசம் நிச்சயம், செப்டம்பர் மொத ஞாயிறு கல்யாணம். தாய்மாமன் நீங்க முன்னாடி நின்னு எல்லாம் செய்யணும். இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் யாரும் கூப்பிடலன்னு மூஞ்சத் தூக்கக் கூடாது.

புவனேஷ் அந்தப் பக்கம் வர்றப்ப மாங்கா ஊறுகா குடுத்து வுடுறேன். உப்பு கொறச்சிதான் போட்டேன்.

அவர் மேடையில பேசினது கட்சி விசயம். எனக்கு அதெல்லாம் தெரியாது அண்ணா.

தங்கச்சி
மோகனா

*

பெம்பான்
6 ஏப்ரல் 2024

அன்பு மோகனாவுக்கு,

நலம். நீயும் நலமாக இரு. ஊறுகாய் வந்தது, நன்றாக இருந்தது. அகல்யாவின் செய்தி கேட்டு மகிழ்ச்சி. பையன் நல்லவனாக இருக்கட்டும்.

ஆனால் நான் பெரிதாக ஒரு கேள்வி கேட்டேன். நீ ஊறுகாய் அனுப்பியிருக்கிறாய்.

ஞாயிறு பத்திரிகை பார்த்தாயா? மாப்பிள்ளையின் பேச்சைக் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள். "ஒரே ஒரு பிள்ளையைக் காட்ட முடியுமா?" என்று தலைப்பு. திருச்செல்வத்திடம் போய்க் கேட்டதற்கு, "அவர்கள் என் காட்சிப் பொருள்கள் அல்ல" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டாராம். அதிலும் அவருக்கு ஒரு மிடுக்கு. நாலு பேரை அழைத்து வந்து நிறுத்தினால் விஷயம் முடிந்தது. அவர் செய்யமாட்டார். அவரால் ஐசி வாங்கியவர்களும் வாய் திறக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு கல்யாணம், ஒரு வேலை, எட்டிப் பார்க்கும் ஒரு பக்கத்து வீடு. எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு அந்த மனிதரை மழையில் நிறுத்திவிட்டார்கள்.

கோப்பிக் கடையில் என்னோடு உட்காரும் திலீப்கூட, "காசு குடுத்து வாங்கியிருப்பாரு சார், டென்மார்க்ல ஆளு வச்சிருப்பாரு" என்கிறான். டென்மார்க் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். ஆஸ்திரேலியா பக்கம் என்றான். இவனிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

ஞாயிறு பத்திரிகைக்கு எழுதப் போகிறேன். என் குடும்பத்திலேயே ஒரு பிள்ளைக்கு அவர் குடியுரிமை வாங்கித் தந்தார், நான் கண்ணால் பார்த்தேன் என்று. அகல்யாவின் பெயரைப் போடமாட்டேன். என் பெயரைப் போடுவேன், பெம்பான் சேகரன், ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று. உன்னிடம் கேட்காமல் செய்யக்கூடாது என்பதால் கேட்கிறேன்.

அண்ணன்
சேகரன்

*

குருபோங்
15.4.2024

அண்ணா,

சொகமா இருக்கீங்களான்னு கேக்கக்கூட எனக்கு இப்ப மனசு சரியில்ல. கோவிச்சிக்காதீங்க.

வேணாம் அண்ணா. உங்க காலைப் புடிச்சிக் கேக்குறேன்.

உங்க பேரு போட்டா போதும், அவ பேரே வேணாம். உங்களுக்கு இருக்கிறது நான் ஒருத்தி. எனக்கு இருக்கிறது அவ ஒருத்தி. ஊரு கூட்டிக் கழிச்சிப் பாத்துராதா?

அகல்யாவ கட்டப்போற மாப்பிள்ளையோட அப்பா யாருன்னு உங்களுக்குச் சொல்லல. சின்னத்தம்பி. கிளைத் தலைவர். இவர மேடை ஏறச் சொன்னதே அவருதான். "சம்பந்தி, நீங்க நல்லா பேசுவீங்க"ன்னு எழுதியே குடுத்துட்டாரு. மாட்டேன்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க. இவரு என்ன சொல்லுவாரு? எங்க வீட்டுலயே ஒரு பிள்ள இருக்குன்னு சொல்ல முடியுமா? அன்னிக்கி ராத்திரி இவரு சாப்பிடவே இல்ல. மீசைய ஏன் இழுத்தீங்கன்னு கேட்டேன். வாய்ல வந்திருச்சின்னாரு.

அவங்க வீட்டுல வம்சம் கோத்திரம்லாம் பாக்குறவங்க. அகல்யா எங்க பொறந்தான்னு அந்தம்மா கேட்டாங்க. மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில ரெண்டு நாளு வலியில கெடந்து பெத்தேன்னு சொன்னேன். எப்பவும் சொல்றதுதான். சொல்லிச் சொல்லி எனக்கே அந்த வலி தெரியும் அண்ணா. மழை பேஞ்சா இடுப்பு நோவுது.

அவ என் வயித்துல பொறந்தவ. அவளுக்கும் அதுதான் தெரியும். அப்படியே இருக்கட்டும்.

மோகனா

*

பெம்பான்
20 ஏப்ரல் 2024

அன்பு மோகனாவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். இதைக் கோபத்தில் எழுதவில்லை என்று சொல்ல ஆசை. கோபத்தில்தான் எழுதுகிறேன்.

உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்காக ஒரு மனிதர் ஊர் முன்னால் பொய்யராக நிற்க வேண்டும். அவரைப் பொய்யர் என்று சொல்கிறவரோ, அவரால் தலை நிமிர்ந்தவர். இதில் என்ன நியாயம் என்று நீயே சொல்.

திருச்செல்வத்துக்கு நான் எதற்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நீ நினைக்கலாம். நானும் நினைக்கிறேன். எனக்குத் தலைமையாசிரியர் பதவி உறுதியான வருடம் உனக்கு நினைவிருக்கும். வாழ்த்து அட்டைகள்கூட இரண்டு வந்துவிட்டன. பிறகு கல்வி இலாகாவுக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. பள்ளி நேரத்தில் கள்ளுக்கடையில் உட்கார்ந்திருக்கிறேனாம், ஆசிரியைகளிடம் தகாத பேச்சாம். டைப் அடித்த ஒரு தாள், கீழே பெயரில்லை. நான் யாரைக் கேட்பேன்? யாரைக் குறுக்கு விசாரணை செய்வேன்? திருச்செல்வத்திடம் ஓடினேன். "விசாரணை முடியட்டும் சார், நான் தலையிட்டா தப்பாகும்" என்றார். விசாரணை ஒரு வருடம் கழித்து முடிந்தது, குற்றமில்லை என்று. அதற்குள் அந்த நாற்காலியில் அவர் மனைவியின் சொந்தக்காரர் உட்கார்ந்துவிட்டார். கடிதமும் அவர்கள் பக்கத்து வேலைதான் என்று நான் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். அதற்குப் பிறகு அந்தப் பள்ளிக்குள் என்னால் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டேன்.

அவருக்கு இப்படி நடக்கிறது என்று கேட்ட முதல் நாள் எனக்கு நன்றாகத்தான் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன். அனுபவிக்கட்டும் என்று நினைத்தேன். இரண்டு கோப்பி குடித்தேன். மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போது தோன்றியது, எனக்குச் செய்ததைத்தானே இவருக்கும் செய்கிறார்கள். அன்று எனக்காக உண்மை தெரிந்த ஒருவர் பேசியிருந்தால் போதும். பள்ளியில் அத்தனை ஆசிரியர்களுக்கும் உண்மை தெரியும். எல்லோரும் காலடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்கள். இப்போது நான் குனிய வேண்டுமா?

மே மாதம் பிறப்பதற்குள் நீ சம்மதம் சொல். சொல்லாவிட்டால் நான் நிச்சயதார்த்தத்துக்கு வரமாட்டேன். அந்த மேடைக்காரர் பக்கத்தில் தாய்மாமன் என்று உட்கார்ந்து சிரிக்க என்னால் ஆகாது.

சேகரன்

*

குருபோங்
28.5.2024

அண்ணனுக்கு,

நல்லா இருக்கீங்களா? வெயில் அதிகமா இருக்கு, மோட்டார்ல வெளிய அலையாதீங்க.

நிச்சயம் முடிஞ்சிருச்சி. நீங்க வரல. தாய்மாமன் நாற்காலி காலியா இருந்துச்சி. சின்னத்தம்பி கேட்டாரு, "எங்க வாத்தியார காணோம்?"னு. முழங்கால் வலின்னு சொன்னேன். அகல்யா அந்த நாற்காலிய ரெண்டு மூணு வாட்டி திரும்பிப் பாத்தா. கடைசியில அவளே அதுல ஒரு தாம்பாளத்தத் தூக்கி வச்சிட்டா, வெறும் நாற்காலியா தெரியக் கூடாதுன்னு.

உங்க கடுதாசிய பல நாளு பையிலயே வச்சிக்கிட்டுத் திரிஞ்சேன். பதில் எழுத எழுத கிழிச்சிப் போட்டேன். இப்பவும் எப்படி எழுதுறதுன்னு தெரியல.

அந்த மொட்டைக் கடுதாசி திருச்செல்வம் அண்ணன் வேலை இல்ல. அவங்க ஆளுங்க வேலையும் இல்ல. அது எனக்கு நிச்சயமாத் தெரியும். அவ்வளவுதான் சொல்ல முடியும். இத்தன வருசம் நீங்க அவர திட்டுறப்பலாம் நான் அடுப்படிக்குப் போயிடுவேன், கவனிச்சிருக்கீங்களா?

அந்த மொட்டைக் கடுதாசிக்கு முன்ன ஒரு தீபாவளிக்கு எங்க வீட்டுல கட்சிக்காரங்கல்லாம் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. அப்ப நீங்க இவரப் பாத்து, "அம்மன் ஐசி குடுப்பாளா, அடையாளத்துக்குத் தவிட்டு மூட்டைய தூக்கிட்டுப் போவீங்களா"ன்னு கேட்டீங்க. யாருக்கும் ஒண்ணும் புரியல, சும்மா சிரிச்சாங்க. இவருக்குப் புரிஞ்சிச்சி. அன்னிக்கிக் கை கழுவுன எடத்துலயே ரொம்ப நேரம் நின்னுக்கிட்டு இருந்தாரு.

இதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. எனக்கு நீங்களும் வேணும், இவரும் வேணும்.

மோகனா

*

பெம்பான்
7 ஜூலை 2024

மோகனாவுக்கு,

நலம். பதில் தாமதமானது. எழுத எதுவும் வரவில்லை.

யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நீ சொல்லிவிடுவாயோ என்று பயம். கேட்காதவரை, வழியில் பார்த்தால் தலையாட்டிவிட்டுப் போகலாம்.

திருச்செல்வத்தைப் போன வாரம் ஜாசின் தபால் நிலையத்தில் பார்த்தேன். மெலிந்திருக்கிறார். "சார், எப்படி இருக்கீங்க?" என்றார். வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொள்ளப் போனேன். கழுத்து பாதியில் நின்றுவிட்டது. "இருக்கேன்" என்றேன். இத்தனை வருடத்தில் அவரிடம் நான் பேசியது அது ஒன்றுதான். இப்போதும் அவரை எனக்குப் பிடிக்கவில்லை. காரணத்தைத்தான் காணவில்லை.

கையெழுத்துத் தாள்களை ஆகஸ்ட் கடைசியில் டென்மார்க்குக்கு அனுப்புகிறார்களாம்.

சேகரன்

*

குருபோங்
20 ஜூலை 2024

அன்பு மாமாவுக்கு,

அகல்யா எழுதறேன். நீங்க ஆச்சரியப்படுவீங்க. தமிழ்ல கடிதம் எழுதி எத்தனையோ வருசம் ஆச்சு, ஆறாம் ஆண்டு கட்டுரைக்கு அப்புறம் இதுதான். தப்பு இருந்தா சிவப்புப் பேனா எடுக்காதீங்க ப்ளீஸ். முழங்கால் எப்படி இருக்கு? நிச்சயத்துக்கு நீங்க வரலன்னு நான் கோபமா இருக்கேன், அத முதல்ல சொல்லிடறேன்.

அப்பா பேசின வீடியோ எனக்கும் வந்துச்சி. ஆபிஸ்ல ஒருத்தன் அனுப்பினான், "உங்க அப்பா ஹீரோ லா"ன்னு. நான் டாய்லெட்ல போய் உக்காந்துட்டேன். அதப் பார்த்ததும் பெம்பான்ல நீங்க கொதிச்சிக்கிட்டு இருப்பீங்கன்னு தெரியும். அம்மாவும் அதுலேந்து வாடிப்போய் இருக்காங்க. கேட்டா இனிப்பு நீர்னு சொல்றாங்க. அவங்க பையில இருந்த உங்க கடிதங்களப் படிச்சிட்டேன், சாரி மாமா.

மாமா, எனக்குத் தெரியும். பன்னிரண்டு வயசுலேந்து தெரியும்.

பதிவிலாகாவுக்குப் போன அன்னிக்கி நீங்க வரல. அம்மா தண்ணி வாங்கப் போயிருந்தாங்க. கவுண்டர்ல இருந்த பெண் என்னைப் பார்த்துட்டு, திருச்செல்வம் அங்கிள்கிட்ட "இது வளர்ப்புப் பிள்ளையா?"ன்னு மலாய்ல கேட்டாங்க. எனக்கு மலாய் தெரியாதுன்னு நெனச்சாங்க போல. நான் வகுப்புல மலாய்க்கு முதல் மாணவி மாமா! அங்கிள் என் மூஞ்சியப் பார்த்தாரு. வெளியில கூட்டிட்டுப் போய் ஐஸ் போட்ட செண்டோல் வாங்கிக் குடுத்தாரு. "கேக்கணும்னா எங்கிட்ட கேளு. அம்மாகிட்ட கேக்காத, அவங்களால தாங்க முடியாது"ன்னாரு. நான் அன்னிக்கி ஒண்ணும் கேக்கல. அப்புறம் பதினெட்டு வயசுல போய் எல்லாம் கேட்டேன். தவிடு வரைக்கும் சொன்னாரு. அம்மாவுக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அவரு யார்கிட்டயும் சொல்லல பாருங்க.

நிவேந்திரன்கிட்ட ரெண்டாவது தடவ பார்த்தப்பவே சொல்லிட்டேன். அவரு சாப்பிட்டுக்கிட்டு இருந்த கைய எடுத்துட்டாரு. நான் பயந்துட்டேன். அப்புறம், "சரி, இத எங்க அம்மாகிட்ட சொல்லாத. ரோத்தி சானாய் ஆறிடும், சாப்பிடு"ன்னாரு. அவ்வளவுதான்.

அதனால என் கல்யாணத்துக்காக யாரும் பயப்பட வேணாம். ஆனா அம்மாவுக்காக நான் பயப்படறேன். என்னைப் பெத்த கதைய அம்மா எத்தனை தடவ சொல்லியிருப்பாங்க! ரெண்டு நாள் வலி, வெளியில இடி, நான் அழாம பொறந்தது, நர்ஸ் முதுகுல தட்டினது. ஒவ்வொரு பொறந்த நாளுக்கும் சொல்லுவாங்க. நானும் "அப்புறம்?"னு கேப்பேன். அந்தக் கதை எனக்கு வேணும் மாமா. அது பொய்னு எனக்குத் தெரியும்ங்கறது அம்மாவுக்குத் தெரிஞ்சிட்டா, அடுத்த பொறந்த நாளுக்கு நாங்க ரெண்டு பேரும் என்ன பேசறது?

நீங்க பேப்பருக்கு எழுதுங்க. அங்கிளுக்கு யாராவது எழுதணும். அப்பா பேசினதுக்கு எனக்கு வெக்கமா இருக்கு. ஆனா பேர் போடாதீங்க. உங்க பேர் வந்தா அம்மாவுக்கு அடுத்த நிமிசமே தெரிஞ்சிடும், யாரு அந்தப் பிள்ளைன்னு நான் கேக்காம இருந்தா, எனக்குத் தெரியும்ங்கறதும் தெரிஞ்சிடும். எனக்குப் பதில் ஆபிஸ் முகவரிக்குப் போடுங்க.

அப்பா மீசைய விட்டுடுங்க. கல்யாணப் போட்டோவுக்கு வேணும்.

அன்புடன்
அகல்யா

*

ஆசிரியர்,
ஞாயிறு பதிப்பு.

ஐயா,

நலம் விசாரிக்க நாம் அறிமுகமானவர்கள் அல்லர். ஆகவே நேரே சொல்கிறேன். ஒரே ஒரு பிள்ளையைக் காட்ட முடியுமா என்று பல வாரங்களாக உங்கள் பத்திரிகை கேட்கிறது. காட்ட முடியாது. ஆனால் சொல்ல முடியும்.

எனக்கு ஒரு பிள்ளையைத் தெரியும். நம் தோட்டத்து வழக்கப்படி கோயில் படியில் வைத்து, ஒரு பிடி தவிட்டுக்கு வாங்கப்பட்ட பிள்ளை. நம்மவர்கள் சாமியிடம் வாங்கிவிட்டால் சர்க்காரிடம் கேட்க மறந்துவிடுகிறார்கள். கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பதிவுத் திருமணத்தை மறப்பதும், பெயர் சூட்டிவிட்டுப் பிறப்புப் பத்திரத்தை மறப்பதும் இந்த வகைதான். தண்டனை பிள்ளைக்கு. பள்ளியில் மற்றப் பிள்ளைகள் ஐசிக்குப் படம் எடுக்க வரிசையில் நின்றபோது, இந்தப் பிள்ளை வகுப்பில் தனியாக உட்கார்ந்திருந்தது.

திரு. திருச்செல்வம் அந்தப் பிள்ளைக்காக மூன்று வருடம் அலைந்தார். மனு திரும்பி வந்தபோதெல்லாம் மறுபடி எழுதினார். ஐசி கிடைத்தது. அந்தப் பிள்ளை இன்று படித்து வேலை பார்க்கிறது, வரி கட்டுகிறது, வாக்களிக்கிறது. உங்கள் பத்திரிகையும் வாங்கக்கூடும்.

அந்தப் பிள்ளையை மேடையில் ஏற்றியிருந்தால் அவருக்கு ஒரு தேர்தலே கிடைத்திருக்கும். ஏற்றவில்லை. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று ஒரு தாய்க்கு வாக்குக் கொடுத்தார். பிறகு தேர்தலில் தோற்றார், ஏச்சு வாங்கினார், இப்போது பொய்யர் என்ற பட்டமும் வாங்கிவிட்டார். வாக்கை மட்டும் மீறவில்லை. டென்மார்க்குக்காரர்களுக்கு இது தெரியாது. அவர்கள் எண்ணிக்கையைப் பார்த்து விருது கொடுத்திருப்பார்கள். நான் கொடுப்பதாக இருந்தால் இந்த வாய் மூடிய தன்மைக்குத்தான் கொடுப்பேன்.

இதை எழுதுபவன் அவருடைய ஆதரவாளன் அல்லன். அவருக்கு வாக்களித்ததும் இல்லை. அவர் வீட்டுப் படி ஏறி வெறும் கையோடு திரும்பியவன். அவரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று எனக்கு எந்த ஆசையும் கிடையாது. சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவராவது தம் வீட்டுக்குள் ஒருமுறை திரும்பிப் பார்க்கட்டும்.

*

பெம்பான்
11 ஆகஸ்ட் 2024

அன்பு அகல்யாவுக்கு,

உன் கடிதத்தில் நாலு பிழை. சிவப்புப் பேனா எடுக்கவில்லை. பென்சிலால் குறித்து, பிறகு அழித்துவிட்டேன். முழங்கால் பரவாயில்லை. உன் அம்மாவின் மருந்தை நீ பக்கத்தில் இருந்து கவனி.

இத்துடன் இருப்பது ஞாயிறு பத்திரிகைக்கு எழுதியதன் நகல். படித்துவிட்டுக் கிழித்துவிடு. கடைசி வரியை எடுத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். விட்டுவிட்டேன். எனக்கும் ஏதாவது வேண்டாமா?

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பெயர் போடுவதா வேண்டாமா என்று எனக்கும் எனக்கும்தான் சண்டை. மொட்டைக் கடிதம் எழுதுகிறவனைவிடக் கேவலமானவன் கிடையாது என்று கோப்பிக் கடையில் மேசையைத் தட்டிப் பேசியவன் நான். என் வாழ்க்கையைக் கெடுத்தது அப்படி ஒரு தாள். அதை எழுதிய கையைப் பார்த்தால் என்ன செய்வேன் என்று வருடக்கணக்கில் ஒத்திகை பார்த்திருக்கிறேன். அந்தக் கையை உன் கல்யாணத்தன்று குலுக்க வேண்டியிருக்கும் போலிருக்கிறது. இதன் பொருளை நீ கேட்காதே.

தாய்மாமனாக வருகிறேன். சீர்த் தட்டு எல்லாம் முறைப்படி வரும். அந்த நாற்காலியில் இனித் தாம்பாளம் வைக்காதே. உன் அப்பாவிடம் என்ன பேசுவேன் என்று தெரியவில்லை. மீசை நன்றாக இருக்கிறது என்று சொல்கிறேன்.

பத்திரிகையின் விதியைப் பார்த்தேன். பெயரும் ஐசி எண்ணும் இல்லாத கடிதங்களைப் பரிசீலிக்கமாட்டார்களாம். ஐசி இல்லாத பிள்ளையைப் பற்றிய கடிதம் ஐசி எண் இல்லாததால் குப்பைக்குப் போகலாம். போகட்டும் என்று விடவும் மனமில்லை. நேற்று வரை கடைசியில் 'சேகரன், பெம்பான்' என்று டைப் அடித்திருந்தேன். நல்ல பெயர். அதற்கு வந்த அழுக்கையெல்லாம் இந்த ஒரு கடிதத்தில் துடைத்துக்கொள்ளலாம் என்று எனக்குள் ஒரு பேராசை இருந்தது. பிறகு உன் அம்மா எழுதியது நினைவுக்கு வந்தது. மழை பெய்தால் இடுப்பு வலிக்கிறதாம். இன்று காலை இங்கே நல்ல மழை. அந்தத் தாளை மாற்றி, பெயரில்லாமல் திரும்ப அடித்தேன்.

உறையில் பெம்பான் தபால் முத்திரை விழக்கூடாது. மழை விட்டதும் மோட்டாரில் மெர்லிமாவுக்குப் போகிறேன். உன் அப்பா பேசிய மண்டபத்துக்கு எதிரே ஒரு தபால் பெட்டி இருக்கிறது.

பெயரில்லாத ஒரு தாளை நம்பி என் நாற்காலியைப் பறித்தார்கள். பெயரில்லாத இன்னொரு தாளை நம்பி ஒரு மனிதனுக்கு அவன் மரியாதையைத் திருப்பிக் கொடுப்பார்களா? பார்ப்போம். கையெழுத்துப் போடாமலேயே அனுப்புகிறேன்.

மாமா